செல்வநாயகம் கேட்காத வாக்கு

போன வருஷம் ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கனடாவில் பொதுத் தேர்தல். ஸ்காபரோவில் நாங்கள் போகிற சபையில் ஆராதனைத் திரைக்கு ஸ்லைட் போடுவது என் பொறுப்பு. வார நாட்களில் சொஃப்ட்வெயார் எழுதுகிறவன், ஞாயிறுகளில் பாட்டு வரிகளையும் வேத வசனங்களையும் திரையில் ஏற்றுகிறவன். அன்று காலை எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு வேட்பாளரின் சிரித்த முகம், கட்சியின் நிறம், மூலையில் ஒரு சிலுவை. காணிக்கை எடுக்கிற நேரம் இதைப் போட்டுவிடு தம்பி என்று பாஸ்டர் கீழே எழுதியிருந்தார்.

போட்டேன். இரண்டு நிமிஷம் திரையில் நின்றது. வேட்பாளர் முன்னால் வந்து தலைகுனிந்து நின்றார், சபை கைநீட்டி ஜெபித்தது. கனடாவின் வருமான வரிச் சட்டப்படி பதிவுபெற்ற அறக்கட்டளை எதுவும் ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. நாங்கள் போடுகிற காணிக்கைக்கு வரிச் சலுகை கிடைப்பதே அந்தப் பதிவால்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொத்தானை அழுத்தினேன்.

எந்தச் சபை, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளும் வழிபாட்டு இடங்களைச் சுற்றி வருகிறவைதான்.

அதற்கு முதல் நாள் ஏப்ரல் 26, தந்தை செல்வாவின் நினைவு நாள். அம்மா ஃபோனில் ஞாபகப்படுத்தியிருந்தார். அம்மாவின் அப்பா தெல்லிப்பழைச் சைவர். திருநீறு பூசாமல் படலையைத் தாண்டாதவர். 1975 இடைத்தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் செல்வநாயகத்துக்கு வாக்குப் போட்டதைச் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர். பிறகு ஒரு வேதக்காரப் பெடியன், அதுதான் என் அப்பா, மருமகனாக வந்தபோது அம்மப்பா பெரிசாகச் சண்டை பிடிக்காததற்குச் செல்வநாயகமும் ஒரு காரணம் என்று அம்மா பகிடியாகச் சொல்வார். அந்த வேட்பாளரின் படம் திரையில் நின்ற இரண்டு நிமிஷமும் எனக்கு அம்மப்பாவின் நெற்றிதான் ஞாபகம் வந்தது. இந்த வருஷம் ஏப்ரல் 26 ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்.ஜே.வி. என்றால் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை. சபையில் இளையோர் கூட்டத்தில் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. தந்தை செல்வா என்ற பெயர் தெரிந்த இரண்டொரு பிள்ளைகளும் அவரைச் சைவர் என்றே நினைத்திருந்தார்கள். அவர் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர். 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார், தகப்பன் மலாயாவில் தங்கிவிட்டார். வெளிநாட்டில் உழைக்கிற அப்பா, ஊரில் வளரும் பிள்ளைகள் என்ற கதை எங்களுக்குப் புதிதல்ல. அது எண்பத்து மூன்றுக்குப் பிறகு தொடங்கியதும் அல்ல.

அமெரிக்க மிஷன் 1816இல் தொடங்கிய யூனியன் கல்லூரியில் படித்தார், பிறகு யாழ்ப்பாணம் சென். ஜோன்ஸ், பிறகு கொழும்பு சென். தோமஸ். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாக எடுத்தார். கொஞ்சக் காலம் ஆசிரியர் வேலை, பிறகு சட்டம். சிவில் வழக்குகளில் பெயர் எடுத்து கியூ.சி. ஆனார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். மேடையில் முழங்குகிற ஆள் இல்லை. 1944இல் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸில் சேரும்போது வயது 46. 1947இல் காங்கேசன்துறையில் வென்று பாராளுமன்றம் போனார்.

சென். தோமஸில் அவர் படித்த காலத்தில் அதே பள்ளியில் இன்னொரு மாணவனும் இருந்தார். ஒரு வயது இளையவர். அங்கிலிக்கன் குடும்பம், தகப்பன் மகாமுதலியார், பெரிய பணக்கார வீடு. பெயர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. ஒக்ஸ்போர்டில் படித்துவிட்டுத் திரும்பியவர் சில வருஷங்களில் பௌத்தரானார். 1931இல் டொனமூர் யாப்பு எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்த பிறகு கொழும்பு மேட்டுக்குடிக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பௌத்தத்துக்குப் போனவர்களை ஊர் டொனமூர் பௌத்தர்கள் என்று நையாண்டி செய்தது. ஜே.ஆர். ஜயவர்தனவும் கிறிஸ்தவராக வளர்ந்து பௌத்தரானவர்தான். ஒரு மனிதன் ஏன் மதம் மாறுகிறான் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் வாக்கு எங்கே இருந்ததோ அங்கேதான் மதமும் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

செல்வநாயகத்துக்கும் அதே வசதி இருந்தது. அவருடைய தொகுதியில் பெரும்பான்மை சைவர்கள். மாவிட்டபுரம் கந்தசாமி கோயில், கீரிமலை எல்லாம் அங்கேதான். யாழ்ப்பாணத்தில் வேதத்துக்கு வந்த குடும்பங்கள் திரும்பிச் சைவத்துக்குப் போவது புதுமையான காரியமும் இல்லை. நெற்றியில் கொஞ்சம் திருநீறு போதும், சனம் கொண்டாடியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

1948இல் கொண்டுவரப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. அவருடன் நின்ற முக்கியமான இருவரில் கு. வன்னியசிங்கம் சைவர், டொக்டர் இ.மு.வி. நாகநாதன் கத்தோலிக்கர். ஒரு புரட்டஸ்தாந்து, ஒரு கத்தோலிக்கர், ஒரு சைவர். கட்சி தன் ஆட்களைத் தமிழ் பேசும் மக்கள் என்று அழைத்தது. மொழிதான் அளவுகோல். 1956இல் கிழக்கில் முஸ்லிம்களும் அந்தக் கட்சியில் நின்று வென்றது அந்த வரையறையால்தான்.

அந்த நிலைப்பாட்டுக்கு முதல் விலை 1952 தேர்தல். எதிரே ஐக்கிய தேசியக் கட்சியில் நின்றவர் சு. நடேசன், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரி அதிபராக இருந்தவர். சைவ உலகத்தில் அதைவிடப் பெரிய முகவரி வேண்டுமா? சைவத் தொகுதிக்கு ஒரு வேதக்காரன் எதற்கு என்ற கதையும் ஊருக்குள் நடந்தது. செல்வநாயகம் தோற்றார். மதம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். சமஷ்டி என்ற சொல்லே அப்போது பலருக்குப் புதிது, அமைச்சரவையில் இருந்த பொன்னம்பலத்தின் கை ஓங்கியிருந்த காலமும் அது. ஆனாலும் சொந்த ஊரில், சொந்த மதத்தைச் சாட்டி ஒதுக்கப்படுவது சின்ன விஷயமில்லை. அதற்குப் பிறகும் அவர் மதத்தை மாற்றவில்லை, மறைக்கவும் இல்லை. கிறிஸ்தவர்களைத் தனியாகத் திரட்டி ஒரு வாக்கு வங்கி கட்டவும் இல்லை. 1956இல் அதே தொகுதியில், அதே சைவச் சனம் அவரை அனுப்பியது. கட்சி 10 ஆசனங்கள் எடுத்தது.

அதே 1956இல்தான் பண்டாரநாயக்க தனிச் சிங்களத்தோடு பிரதமரானார். ஜூன் 5, சட்டமூலம் சபைக்கு வந்த நாள். காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், காடையர்கள் அடித்தார்கள். அடுத்த வருஷம் ஜூலை 26இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிராந்திய சபைகள், தமிழுக்கு நிர்வாகத்தில் இடம், குடியேற்றத்தில் கட்டுப்பாடு. ஒரே பள்ளியில், ஒரே பிரார்த்தனை மண்டபத்தில் முழங்காலிட்டு வளர்ந்த இருவர் நாற்பது வருஷம் கழித்து ஒரு மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்ததை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

உடன்படிக்கை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ஜே.ஆர். கண்டிக்கு நடந்தார். 1958 ஏப்ரல் 9இல் பிரதமரின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு முற்றத்தில் பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார், அதுவும் எழுத்தில் எழுதிக் கொடுத்து. அடுத்த மாதம் கலவரம். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவர் ஒரு பிக்கு. அந்தச் சோமராம தேரர் தூக்குக்குப் போகுமுன் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் எடுத்தார் என்பது வரலாற்றின் ஒரு விசித்திரமான அடிக்குறிப்பு. மதத்தின் பெயரால் சேர்த்த பலத்தைப் பண்டாரநாயக்கவால் ஓர் அளவுக்கு மேல் அடக்க முடியவில்லை. செல்வநாயகத்தின் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்து ஒப்பந்தத்தைக் கிழி என்று சொல்ல எந்தப் பாதிரியாருக்கும், எந்தக் குருக்களுக்கும் உரிமை இருக்கவில்லை. அப்படியொரு உரிமையை அவர் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

1961 சத்தியாக்கிரகம், பனாகொடை இராணுவ முகாமில் தடுப்புக்காவல், 1965 மார்ச் 24 டட்லி சேனநாயக்கவோடு இன்னொரு உடன்படிக்கை, அதுவும் நிறைவேறாதது... இவையெல்லாம் பலரும் எழுதியவை. நான் நிற்க விரும்புவது 1968இல். அந்த ஒரே வருஷத்தில் இரண்டு கோயில்கள் அவர் முன்னால் வந்தன.

முதலில் கோணேஸ்வரம். டட்லி அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தார். திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேஸ்வர ஆலயச் சூழலைப் புனித பிரதேசமாக அறிவிப்பது பற்றி ஆராய அவர் ஒரு குழு அமைத்தார். பிக்கு ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார், பிரதமர் குழுவைக் கலைத்தார். திருச்செல்வம் பதவி விலகினார், கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. மாவட்ட சபைகள் கிடைக்காத ஏமாற்றம் ஏற்கெனவே இருந்தது, கோணேஸ்வரம் கடைசித் துளி. இதில் என்ன விசேஷம் என்றால், அந்தக் கோயிலை 17ஆம் நூற்றாண்டில் இடித்தது கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த போர்த்துக்கேயர். இடித்த கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். முந்நூற்றைம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆன பிறகு அதே கோயிலின் மரியாதைக்காக ஒரு கிறிஸ்தவர் தலைமை தாங்கிய கட்சி அமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்டது. அது தன் மதத்துக்கு எதிரானது என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. சனத்துக்குரியது சனத்துக்கு, அவ்வளவுதான்.

இரண்டாவது மாவிட்டபுரம். இங்கேதான் எனக்கு இடறுகிறது.

தாழ்த்தப்பட்ட சாதி மக்கள் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போக உரிமை கேட்டு வாசலில் நின்றார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும் சண்முகதாசனின் இடதுசாரிகளும் அவர்களோடு நின்றார்கள். உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர்களுக்கு முன்னால் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர். அடிபிடி நடந்தது, பொலிஸ் வந்தது, வழக்கு நடந்தது. கோயில் இருந்தது செல்வநாயகத்தின் தொகுதியில். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. சட்டம் எந்தப் பக்கம் என்று ஒரு கியூ.சி.க்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் அவரும் கட்சியும் அந்த வாசலில் போய், அந்த மக்களோடு நிற்கவில்லை. தீண்டாமைக்கு எதிராகக் கட்சி மாநாடுகளில் தீர்மானம் போட்டவர்கள்தான். ஆனால் மாவிட்டபுரத்தில் தேவைப்பட்டது தீர்மானம் இல்லையே, கால்கள்.

ஒரு கிறிஸ்தவன் சைவக் கோயில் வாசலில் நின்று யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று சொல்வதா என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அதை நேர்மையான தயக்கம் என்றும் எடுக்கலாம். உயர்சாதி வாக்குக் கணக்கு என்றும் எடுக்கலாம், அப்படி எடுத்தவர்கள் அப்போதே இருந்தார்கள். நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கிறேன். மதத்தை அரசியலுக்குள் கொண்டுவராத அதே ஒழுக்கம், அன்று வெய்யிலில் வாசலில் நின்ற மனிதர்களுக்கு மௌனமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கோணேஸ்வரத்துக்காகக் கிறிஸ்தவரின் கட்சி அரசாங்கத்தை விடலாம் என்றால், மாவிட்டபுரத்தில் கிறிஸ்தவர் என்ற காரணம் மட்டும் எப்படிக் குறுக்கே வரும்? தடுத்தவர்களையும் அவர் திருப்திப்படுத்தவில்லை. 1970 தேர்தலில் சுந்தரலிங்கமே காங்கேசன்துறையில் அவருக்கு எதிராக நின்றார். செல்வநாயகம் வென்றார். ஆனால் அம்மப்பாவின் கதைகளில் மாவிட்டபுரம் ஒருநாளும் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது விளங்குகிறது. அம்மப்பா எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று கேட்க எனக்கும் துணிவு வரவில்லை, கேட்கிற வயது வந்தபோது அவர் இல்லை.

1972 மே மாதம் குடியரசு யாப்பு வந்தது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் என்று அதில் எழுதப்பட்டது. ஒக்டோபரில் செல்வநாயகம் தன் ஆசனத்தைத் துறந்தார். இந்த யாப்பை எங்கள் சனம் ஏற்கிறதா இல்லையா என்பதை ஒரு இடைத்தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சவால் விட்டார். சிறிமாவோ அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தது. கடைசியில் 1975 பெப்ரவரி 6இல் தேர்தல். அவருக்கு அப்போது 76 வயது, பார்க்கின்சன் நோய், காதும் சரியாகக் கேட்காது. பேச்சு மற்றவர்களுக்கு விளங்காது, பக்கத்தில் நிற்கிறவர் திருப்பிச் சொல்லவேண்டும். எதிரே கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம், ஊருக்குள் மதிப்பான மனிதர். செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், பொன்னம்பலத்துக்கு 9,457. அந்த இருபத்தையாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று அம்மப்பாவுடையது. அதை அவர் ஒரு கிறிஸ்தவருக்குப் போட்ட வாக்காக ஒருபோதும் சொன்னதில்லை. செல்வநாயகமும் அப்படிக் கேட்டதில்லை.

1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரல் 26இல், 79 வயதில் காலமானார். மூன்று மாதத்தில் நடந்த தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றதைப் பார்க்க அவர் இல்லை. யாழ்ப்பாணம் முற்றவெளியில் அவருடைய நினைவுத் தூண் நிற்கிறது. அவருடைய மகள் சுசிலியைத் திருமணம் செய்தவர் அரசறிவியல் பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், மாமனாரின் அரசியல் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதியவர். 2000ஆம் ஆண்டு அவர் இறந்தது இதே ரொறன்ரோவில்.

இந்த நகரத்துக்கும் இதில் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் ரொறன்ரோவைக் கனடாவின் பெல்ஃபாஸ்ட் என்று சொல்வார்கள். ஒரேஞ்ச் ஓர்டர் என்ற புரட்டஸ்தாந்துச் சங்கத்தில் இல்லாவிட்டால் மேயராவது கடினம், மாநகராட்சி வேலை எடுப்பதும் லேசில்லை. கத்தோலிக்கர் என்றால் பின் வரிசை. 1954இல் மேயராக இருந்த லெஸ்லி சோண்டர்ஸ் ஜூலை 12 ஒரேஞ்ச் கொண்டாட்டத்தை ஒட்டி மாநகராட்சிக் கடிதத் தாளிலேயே புரட்டஸ்தாந்துப் பெருமை பேசி எழுதினார். அந்த டிசம்பரில் தோற்றார். வென்றவர் யூதரான நேதன் பிலிப்ஸ். சிட்டி ஹோலுக்கு முன்னால் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனிச்சறுக்கு விளையாடப் போகிற சதுக்கத்துக்கு அவருடைய பெயர்தான். ஒரேஞ்ச் ஓர்டர் இன்றும் இருக்கிறது, ஆனால் என்னோடு வேலை செய்கிற இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

இந்த ஒக்டோபர் 26 ரொறன்ரோ மாநகரத் தேர்தல். மே முதலாம் திகதி வேட்புமனு தொடங்குகிறது. தமிழ் வேட்பாளர்கள் நிற்பார்கள், படங்கள் வரும். போன கிழமை ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பாஸ்டரிடம் போய், இந்த முறை வேட்பாளர் படம் நான் போடமாட்டேன் என்று சொன்னேன். வரிச் சட்டத்தைச் சொன்னேன், அவர் தலையாட்டினார், அது அவருக்கும் தெரிந்ததுதான். பிறகு அவர் கேட்ட கேள்வி நியாயமானது. நல்ல விசுவாசி ஒருவர், எங்கள் சனத்துக்கு உழைக்கக்கூடியவர், அவரைச் சபைக்கு அறிமுகப்படுத்தினால் என்ன பிழை? அரசியல் அழுக்கு என்று விசுவாசிகள் ஒதுங்கினால் யார் போவது?

ஒதுங்கச் சொல்லவில்லை பாஸ்டர் என்றேன். செல்வநாயகம் ஒதுங்கவில்லையே, முப்பது வருஷம் உள்ளேயே இருந்தார். 1952ஐச் சொன்னேன். மாவிட்டபுரத்தையும் சொன்னேன், அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்வது சரியாகப்படவில்லை. அவர் கனநேரம் யோசித்தார். மாவிட்டபுர வாசலில் நின்றவர்களுக்குள் தன் பெரியப்பாவும் ஒருவர் என்றார். எனக்கு அது தெரியாது. பத்து வருஷமாக ஒரே சபை.

ஸ்லைட் பற்றி இருவரும் முடிவாக ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறுக்கு உரியதை நேற்று இரவு அனுப்பியிருக்கிறார். நாலு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, அறிவிப்பில் பெரியவர்களுக்கான மருத்துவ முகாம் ஒன்று.